தவிட்டுக்கு வாங்கிய செல்வங்கள்

(ஆலயத் திருவிழாச் சொற்பொழிவு வரிசையில், ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவிழா நாள்களில் இம்மேடையில் சமயப் பெரியோர் பேசுவதே வழக்கம். நான் சமய நூல்களைத் துறைபோகக் கற்றவன் அல்லேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியப் பணி செய்து ஓய்வு பெற்றவன். வளர்ப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் இடையிலான பாசத்தைப் பற்றிப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் கேட்டபோது தயங்கினேன். என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இப்பொருளைப் பேச என்னால் இயலாது. என் தமக்கையாரிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுடா தம்பி, இதில் எனக்கென்ன வெட்கம்?" என்றார். அவர் இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். நான் எங்கேனும் கூட்டிச் சொன்னால் அங்கிருந்தே திருத்துவார்.

பிள்ளை அடம் பிடித்தால், "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று வேடிக்கை பேசுவது நம் வீடுகளில் உண்டு. அதன் பின்னே ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிவிட்ட வீட்டில், புதிதாய்ப் பிறந்ததை வேறொரு பெண்ணின் கையில் கொடுத்து, சிறிது தவிட்டை விலையாகத் தந்து திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். பிள்ளையை இறைவனுக்குத் தத்துக் கொடுத்து, காணிக்கை செலுத்தி மீண்டும் வாங்கிக்கொள்ளும் நேர்த்திக்கடனை இன்றும் ஆலயங்களில் காண்கிறோம். ஒரு கணமேனும் அந்தக் குழந்தை அன்னையுடையது அன்று, ஆண்டவனுடையது. அவன் வளர்க்கக் கொடுத்ததை நாம் வாங்கிச் செல்கிறோம். அவ்வகையில் எல்லாப் பிள்ளைகளுமே தத்துப் பிள்ளைகள்தாம்.

எங்கள் வீட்டில் மட்டும் அந்த வேடிக்கையை யாரும் பேசியதில்லை. அது ஏன் என்பது எனக்கு ஒன்பது வயதில்தான் விளங்கியது.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம். என் அன்னையார் பால்மரம் வெட்டினார். தந்தையார் பால் கொட்டகையில் வேலை செய்தார். மணமாகி ஒன்பது ஆண்டுகள் ஆகியும் பிள்ளை இல்லை. தோட்டத்தில் அதன் பொருள் என்ன என்பதை இங்குள்ள மூத்த தாய்மார்கள் அறிவார்கள். வளைகாப்பு வீட்டில் முன் வரிசையில் நிற்க முடியாது. பிரட்டுக் களத்தில் அதிகாலை இருட்டிலும் ஒரு சொல் வந்து தைக்கும்.

அது கெடுபிடியான காலம். 1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டோரங்களில் காய்கறி பயிரிட்டும் பன்றி வளர்த்தும் வாழ்ந்த சீனக் குடும்பங்கள் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. ஏறக்குறைய 5 இலட்சம் மக்கள் அவ்வாறு இடம் பெயர்க்கப்பட்டார்கள். அந்த ஆண்டு சீனர் கணக்கில் புலி ஆண்டும்கூட. புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை அவர்களிடையே உண்டு. நம்மவர்க்கு ஒரு மூல நட்சத்திரம் இருப்பது போல அவர்களுக்கு ஒரு புலி. பெண் குழந்தையின் தலையில் பழியைப் போடுவதற்கு எல்லா இனத்தாரிடமும் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது!

தோட்டத்து எல்லையில் கீரை பயிரிட்ட ஒரு சீனத் தாய்க்கு நான்காவதும் பெண்ணாகப் பிறந்தது. வீட்டைப் பிரித்துக்கொண்டு லாரியில் ஏற வேண்டிய நாள் நெருங்கியிருந்தது. என் அன்னையார் அவரிடம் கீரை வாங்குபவர். இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தை மலாயில் ஐம்பது சொற்கள் மட்டுமே. அந்த ஐம்பது சொற்களில் ஒரு பிள்ளை கை மாறியது. தந்தையார் பத்து வெள்ளியைச் சிவப்புத் தாளில் மடித்துக் கொடுத்தார். பிள்ளைக்கு அப்போது 22 நாள்.

டின் பால் கரைத்து ஊட்டி, சேலைத் தொட்டிலில் ஆட்டி வளர்த்தார்கள். விடியுமுன் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அன்னையார் நிரைக்குப் போவார். மதியம் பால் நிறுத்ததும் ஓடி வருவார். மூன்று ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். "அவள் வந்த இராசி, நீ வந்தாய்" என்று அன்னையார் என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஆண் பிள்ளை பிறந்துவிட்டதே, இனி அந்தப் பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று யோசனை சொன்ன உறவினர் ஒருவர் அதற்குப் பின் எங்கள் வீட்டில் கை நனைத்ததில்லை.

இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்த அதிசயம் அன்று. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களை ஒட்டியும் பேராக்கின் தோட்டப் புறங்களிலும், வறுமையாலோ, பெண் பிள்ளைகள் மிகுந்துவிட்டதாலோ, சோதிடத்தாலோ கொடுக்கப்பட்ட சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் மனமுவந்து எடுத்து வளர்த்தன. நெற்றியில் திருநீறும் குங்குமமும் துலங்க, சேலை உடுத்தி, தமிழில் தாலாட்டுப் பாடும் சீன முகத்துப் பாட்டிமார்களை ஈப்போவாசிகள் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று குனோங் சீரோ கல்லுமலை சுப்பிரமணியர் சந்நிதிக்குப் பால்குடம் சுமந்து செல்லும் கூட்டத்தில் அவர்களைக் கண்டிருப்பீர்கள். வெளியூரார் திரும்பிப் பார்ப்பார்கள். நாம் பார்ப்பதில்லை.

ஆகவே பாசத்தில் குறை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பாசத்துக்குள்ளே ஓர் அச்சம் குடியிருந்தது. அதைத்தான் நான் இன்று பேச வந்தேன்.

அந்த 1950ஆம் ஆண்டில்தான் சிங்கப்பூரில் மரியா ஹெர்தோக் வழக்கு நடந்தது. டச்சுப் பெற்றோரின் மகளான அச்சிறுமியை, ஜப்பானியர் காலத்தில் ஜாவாவில் ஏற்று வளர்த்தவர் அமினா என்னும் பெண்மணி. பின்னர் திரங்கானு மாநிலத்துக் கெமாமானுக்கும் அழைத்து வந்து நத்ரா என்ற பெயரோடு வளர்த்தார். பெற்ற தாய் பிள்ளையைக் கேட்டார். நீதிமன்றம் பெற்ற தாய்க்கே கொடுத்தது. டிசம்பர் 11ஆம் நாள் கலவரம் மூண்டு 18 பேர் மாண்டனர். சமயம், அரசியல் என்று அதில் பல சிக்கல்கள் உண்டு. அவற்றுக்குள் நான் போகவில்லை. எங்கள் லயத்தில் பத்திரிகை வாசித்துக் காட்டுபவர் இச்செய்தியைப் படித்தபோது, என் அன்னையார் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: வளர்த்தவளிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

1952இல் தத்தெடுப்புச் சட்டமும் தத்தெடுப்புப் பதிவுச் சட்டமும் நாட்டில் இயற்றப்பட்டன. எங்கள் அன்னையார் அவற்றின் வழியே போகவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதது ஒரு காரணம். மற்றொன்றை அவரே என்னிடம் பின்னாளில் சொன்னார். பதியப் போனால் பெற்றவளைக் கூப்பிடுவார்கள்; கூப்பிட்டால் அவள் பிள்ளையைப் பார்ப்பாள்; பார்த்தால் விடுவாளா? பாசத்தின் மிகுதியால் பிள்ளையை மறைத்தார். மறைத்ததால் பிள்ளைக்கு ஒரு தாளும் இல்லாமல் போயிற்று.

1962இல் தமக்கையாருக்குப் பன்னிரண்டு வயது நிறைந்தது. அடையாள அட்டை எடுக்க வேண்டும். என்னையும் அழைத்துக்கொண்டு அன்னையார் ஒரு பதிவு அலுவலகத்துக்குப் போனார். முகப்பில் இருந்த அலுவலர் பிறப்புப் பத்திரம் கேட்டார். இல்லை. அவர் அன்னையாரின் முகத்தைப் பார்த்தார். தமக்கையாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இனி அனாக் சியாப்பா?" என்று கேட்டார். இது யார் பிள்ளை என்று பொருள். அவர் கடுமையாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். அன்னையார், "சாயா புஞ்ஞா" என்றார். என்னுடையது. அவர் திரும்பக் கேட்டார். அன்னையார் திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாம் முறை சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. வரிசையில் நின்ற அனைவரும் எங்களைப் பார்த்தார்கள். தமக்கையார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும் பேருந்தில் ஒருவரும் பேசவில்லை. தோட்டத்து முச்சந்தியில் இறங்கிய பிறகு தமக்கையார் கேட்டார்: "தீபாவளிக்கு வந்து வாசலிலேயே நிற்பார்களே, அந்தச் சீனத்து அம்மாவா?" ஆம், அந்தத் தாய் இருமுறை வந்திருக்கிறார். அன்னையார் முறுக்கும் பலகாரமும் கொடுத்து, கீரைக்காரி என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கேள்விக்கு அன்னையார் தலையை மட்டும் அசைத்தார்.

அதற்கடுத்த ஆண்டில் ஒரு நாள் நான் செய்ததை இங்கே சொல்லத்தான் வேண்டும். ஏதோ அற்பச் சண்டை. ஒரு பென்சிலுக்காக என்று நினைவு. "நீ சீனத்திதானே, உன் வீட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டேன். தந்தையார் அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடிக்கவில்லை, எழுந்து வெளியே போய்விட்டார். அன்னையார் அன்றிரவு உண்ணவில்லை. தமக்கையார்தான் எனக்குச் சோறு போட்டார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தத் தட்டு என் கண் முன் நிற்கிறது.

நம் இதிகாசத்தில் வளர்ப்புப் பிள்ளைகளுள் முதலில் நினைவுக்கு வருபவன் கர்ணன். வியாச பாரதத்து உத்தியோக பருவத்தில், நீ குந்தியின் மகன் என்று கண்ணன் எடுத்துரைக்கும்போது கர்ணன் என்ன மறுமொழி தருகிறான்? தன்னைக் கண்டதும் இராதையின் மார்பில் பால் சுரந்ததையும், தன் மலசலத்தை அவள் அருவருப்பின்றி எடுத்ததையும், அதிரதன் தனக்குச் சாதகருமம் முதலியன செய்து பெயரிட்டதையும் எடுத்துச் சொல்கிறான். அரசாட்சி முழுவதும் கிடைத்தாலும் அந்த உறவைப் பொய்யாக்கமாட்டேன் என்கிறான். அவனுடைய விருதுப் பெயர்களுள் அவன் இறுதிவரை விடாதது இராதேயன் என்பதே. கர்ணனின் துயரம் அவன் எடுத்து வளர்க்கப்பட்டதில் இல்லை என்பது என் கருத்து. பிறப்பின் உண்மை, போர் மூளப் போகும் வேளையில், பிறருடைய தேவைக்காக, அவனிடம் வந்து சேர்ந்ததே துயரம். என் தமக்கையாருக்கு அது அலுவலக முகப்பில் வந்து சேர்ந்தது.

முருகப்பெருமானைப் பாருங்கள். சரவணப் பொய்கையில் அவரை எடுத்துப் பாலூட்டியவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர். அதை யாரும் மறைக்கவில்லை. கார்த்திகேயன் என்று வளர்த்தவர் பெயராலேயே அழைக்கிறோம். அவர்களுக்காகக் கார்த்திகை விரதம் இருக்கிறோம். உமையம்மை வந்து அணைத்ததால் அறுவரின் தாய்மை அழிந்துபோகவும் இல்லை. பெருமானுக்குப் பெருமையாக இருப்பது நம் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இரகசியமாக இருக்க வேண்டும்?

குழந்தையின் பற்றுதல் எதனால் உண்டாகிறது என்பதை மேல்நாட்டாரும் ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க அறிஞர் ஹாரி ஹார்லோ 1950களில் குரங்குக் குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து வளர்த்துப் பார்த்தார். கம்பியால் செய்த ஒரு பொம்மைத் தாய். துணி சுற்றிய ஒரு பொம்மைத் தாய். கம்பித் தாயிடம் பால் புட்டி இருந்தபோதும், குட்டிகள் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயையே போய்க் கட்டிக்கொண்டன. கொடிய சோதனைதான், ஆயினும் என் அன்னையாரின் சேலைத் தொட்டில் எதைச் செய்தது என்பதை எனக்கு அது விளக்கியது.

மீண்டும் கதைக்கு வருகிறேன். தமக்கையாருக்குச் சிவப்பு அடையாள அட்டையே கிடைத்தது. 1969க்குப் பின், குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற விதி கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது, தோட்டங்களில் எத்தனை குடும்பங்கள் கலங்கின, எத்தனை பேர் தமிழகத்துக்குக் கப்பலேறினர் என்பதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் தமக்கையாருக்குக் கப்பலேறவும் ஊர் இல்லை. சீனாவைக் கண்டதில்லை, தமிழகத்தைக் கண்டதில்லை. தாம் தவழ்ந்த தோட்டத்தில் தம் அன்னை வெட்டிய நிரையில் பால் வெட்டுவதற்கு அவர் அனுமதிச் சீட்டு வாங்கினார். நீல அட்டை அவர் கைக்கு வந்தபோது வயது அறுபதை நெருங்கியிருந்தது. அதற்குள் தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, நாங்கள் புந்தோங்குக்குக் குடிவந்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

அன்னையார் காலமானபோது இன்னொன்றும் நிகழ்ந்தது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வேளையில், தமக்கையாரின் மக்கள் பிடிக்கலாமா, இரத்த உறவு இல்லையே என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டுவிட்டார். தந்தையார் நடக்க முடியாமல் நாற்காலியில் இருந்தார். பந்தத்தைத் தம் கையில் வாங்கி, தமக்கையாரின் மூத்த மகனிடம் முதலில் கொடுத்தார்; அதன் பிறகே என் மகனிடம் கொடுத்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டவரும் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலம் மாறிவிட்டது என்று எண்ணாதீர்கள். ஓய்வுக்குப் பின் பிள்ளைகளின் பத்திர வேலைகளுக்காக அலைந்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளையில்லாத தம்பதியர், தெரிந்தவர் மூலமாக ஒரு குழந்தையை வாங்கி வந்து, நம் சந்நிதியில் பெயர் சூட்டி, அன்போடு வளர்க்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் விழித்துக்கொள்கிறார்கள். என் அன்னையாருக்குச் சட்டம் தெரியாது. நமக்கு அந்தச் சாக்கு இல்லை.

தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதார்க்கு இரு வழிகள் உண்டு. நீதிமன்றத்தின் வழியே தத்தெடுப்பு ஆணை பெறுவது ஒன்று. ஆணைக்கு முன் குறைந்தது மூன்று மாதம் பிள்ளை உங்கள் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். ஆணை கிடைத்தபின் அப்பிள்ளை சட்டப்படி நீங்கள் பெற்ற பிள்ளையே, சொத்துரிமையும் உண்டு. மற்றது தேசியப் பதிவு இலாகாவில் பதிந்துகொள்வது. அதற்கு ஈராண்டு தொடர்ந்து வளர்த்திருக்க வேண்டும். அது எளியது, ஆனால் சொத்துரிமை தராது. அவ்வழியில் சென்றவர்கள் உயில் எழுதி வையுங்கள். பெற்றவர் இருக்கிறார் என்றால் அவருடைய இசைவை மறைவாக அன்று, முறையாக வாங்குங்கள். அவரைக் கண்டு அஞ்சாதீர்கள். காசு கொடுத்துப் பிள்ளை வாங்குவது 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி குற்றம். என் தந்தையாரின் சிவப்புத் தாள் அந்தக் காலத்தோடு போகட்டும்.

தத்தெடுத்ததனால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது என்பதைப் பலர் அறிவதில்லை. பெற்ற தாய் வெளிநாட்டவராக இருந்து, மணமாகாமல் பிள்ளை பிறந்திருந்தால், வளர்ப்பவர் இருவரும் குடிமக்களாயினும் பிள்ளை நாடற்றதாகிவிடக்கூடும். அரசியலமைப்பின் 15A பிரிவின் கீழ் அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கலாம், அதற்கு வயது வரம்பு உண்டு, காத்திருப்பும் நீளும். பெற்றோர் யாரென்றே தெரியாமல் கைவிடப்பட்டு, தத்தெடுக்கப்பட்ட ஒரு குழந்தை இந்நாட்டுக் குடிமகனே என்று 2021இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். நாள் கடத்தாமல் கேட்க வேண்டியது நம் கடமை.

பிள்ளையிடம் எப்போது சொல்வது என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். தமக்கையாரிடமே கேட்டேன். "எனக்கு முன்னமே தெரிந்திருந்தால், அன்றைக்கு அம்மா மூன்று தடவை சொன்னாரே, நானும் சேர்ந்து சொல்லியிருப்பேன்" என்றார். மொழி தெரியும் முன்பே, தாலாட்டோடு கலந்து சொல்லிவிடுங்கள் என்பதே நான் கண்டது. மூன்று வயதில் கேட்பது கதை. பன்னிரண்டு வயதில், அயலார் வாயால் கேட்பது இடி.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மாலைப் பூசைக்குப் பின் நான் ஆலய அலுவலகத்தில் இருப்பேன். பத்திரமில்லாத பிள்ளையை வளர்ப்பவர்கள் தயங்காமல் வாருங்கள். மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசிப் புத்தகம், பெயர்சூட்டு விழாப் படம், பெற்றவர் கைப்பட எழுதிய துண்டுக் காகிதம் என எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். தமக்கையாரும் உடன் இருப்பார். நான் படிவம் நிரப்பும் நேரத்தில் அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்வார்.